ஒரு கட்டை இறக்கி

வேன் என்னுடையது. சாலைப் பனி வழிக்கும் வேலையில்
பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு வாங்குவது
கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது மாதிரி.
வாங்கினேன்.
பக்கத்து இருக்கையில் ஐலா,
மடியில் ஆர்கன் வாசிக்கிற ஷூ.
தெருவில் ஒருநாளும் நடந்திராத ஷூ,
அடித்தோல் இன்னும் குழந்தையின் கன்னம்.

திருஇசையில் பட்டம்.
பெட்ரோல் போடும் இடத்தில் இதைச் சொன்னபோது
டோய்வோ கேட்டான்: "படித்து முடித்து
கர்த்தருக்கே சுருதி சேர்க்கப் போகிறாளா?"
அவளும் சிரித்தாள். பத்தொன்பது வயது.
கால் பெடலுக்கு எட்டிய நாளிலிருந்து வாசிக்கிறாள்:
ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது டாலர்,
அடக்கத்துக்கு எழுபத்தைந்து.
எங்கள் மிச்சிகன் குளிரில்
அடக்கத்துக்குக் குறைவில்லை.

முதல் கல்லூரி மில்வாக்கியில், ஏரியைப் பார்த்தபடி.
நாலாயிரத்து முந்நூறு குழல்,
பித்தளையில் கொடையாளியின் பெயர்.
சுற்றிக் காட்டிய பையன் ஒரு பெடலை மிதித்தான்.
என் தொடையெலும்பு அதிர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
பயிற்சி அறைகளிலோ மின்சார ஆர்கன்,
ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள் வரிசையாக,
விரல் தட்டும் ஓசை மட்டும்,
எங்கோ ஒரு சமையலறையில்
பலபேர் காய் நறுக்குவதுபோல.

ஐலா கேட்டாள்:
"அடக்க ஆராதனையில் ஒருவருமே பாடாவிட்டால்
வாசிப்பவர் என்ன செய்யவேண்டும்?
அதை எந்த ஆண்டில் சொல்லித் தருவீர்கள்?"
டீன் பாடத்திட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடம் ஒன்று உண்டாம்,
போதிய பேர் சேர்ந்தால்.

இரண்டாவது, டபுக் நகரில், குன்றின்மேல். கத்தோலிக்கருடையது.
நாங்கள் லுத்தரன்; அவர்கள் அதை
எங்களைவிட இலேசாக எடுத்துக்கொண்டார்கள்.
முழு உதவித்தொகை. சூடான பார்லி சூப்.
எட்டுப் பெண்கள் தாளக்கட்டில்லாத லத்தீனில் பாடினார்கள்,
யார் எங்கே மூச்சு வாங்கினார்கள் என்று
கடைசிவரை பிடிபடவில்லை.
அதே கேள்வி.
"அப்படி நேராதே, நாங்கள் பாடிவிடுவோம்"
என்றார் சிஸ்டர் பெர்னிட்டா.
உண்மை. அதுதான் சிக்கல் என்று
வேனுக்கு வந்தபின் சொன்னாள் ஐலா.

மூன்றாவதுக்குப் போகும் வழியில் நான் முணுமுணுத்தேன்,
பார்கோவையும் தாண்டி, மரமே இல்லாத வெள்ளை.
சின்ன ஆலயம். ஹீட்டர் ஒரு பக்கம்தான்.
பேராசிரியர் ராக்னா ஹெக்லண்ட் கம்பளிக் காலுறையோடு
ஆர்கனுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்,
வாயை மூட மறுத்த ஒரு குழலைத்
திருப்புளியால் சமாதானப்படுத்திக்கொண்டு.

கேள்வியைக் கேட்டுவிட்டு உள்ளிருந்தபடியே
அவர் திருப்பிக் கேட்டார்:
"உனக்கு நேர்ந்ததா?"
"ஒருமுறை. அப்பாவின் அடக்கத்தில்.
இரண்டாம் சரணத்தில் நிறுத்திவிட்டேன்."
"பிறகு?"
"அமைதி. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
திரும்ப முதலிலிருந்து வாசித்தேன்,
ஒரு கட்டை இறக்கி."
"ஏன் இறக்கினாய்?"
"அழுத தொண்டைக்கு மேலே எட்டாது."

ராக்னா வெளியே வந்தார்.
தலைமுடியில் தூசி.
திருப்புளியை மரப்பலகையில் வைத்தார்,
கூரையில் அந்தக் குழல் மட்டும்
ஊதிக்கொண்டே இருந்தது.

மூக்கைச் சிந்தியது நான்.
இறக்கியும் எனக்கு எட்டவில்லை.
மூன்று வருடமாக அதை அவளிடம் சொல்லவில்லை,
திரும்பி வந்த அறுநூறு மைலிலும் சொல்லவில்லை.
டோல் கணக்கும் டயர் காற்றும் பேசினோம்.

ஏப்ரலில் டபுக்குக்கு நன்றிக் கடிதம் எழுதினாள்,
மூன்று தடவை அடித்துத் திருத்தி.
இன்னொரு உறையில் முன்பணம், இருநூறு டாலர்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
வருடத்துக்குப் பதினோராயிரம் துண்டு விழும்,
இரவு ஷிப்டுக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

தபால்பெட்டியின் வாய் பனியில் இறுகியிருந்தது.
முழங்கையால் இடித்தேன்.
இரண்டாம் இடியில் திறந்தது.